‘ஆயிடுச்சு’ என்பதற்கு ஆங்கிலத்தில் எத்தனை சொல்?

கேள்வி இதுதான். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து விடுதியில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு ஆங்கிலத்தில் விளக்கம் சொல்கிறார். பூ காயாகிறது, காய் சிவப்பாகிறது, கொட்டை வறுபட்டுக் கறுப்பாகிறது, சாயங்காலம் குளிராகிவிடும் என்று எதைச் சொன்னாலும் ‘பிகம்’ போட்டே பேசுகிறாராம். வருகிறவர்களோ அதே விஷயத்தை ‘கெட்’, ‘கோ’, ‘டர்ன்’ என்று மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். அகராதியைப் பார்த்தால் நாலுக்கும் ‘ஆகு’ என்றே போட்டிருக்கிறது. எதை எங்கே போடுவது, இதற்கு விதி உண்டா?

கறாரான விதி கிடையாது. பழக்கம்தான். ஆனால் அந்தப் பழக்கத்துக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது, அதில் பாதி உங்கள் தமிழிலேயே இருக்கிறது. சேலத்தில் மாலை வகுப்புக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வதும் இதுதான்: ‘பிகம்’ போட்டால் யாருக்கும் புரியும், பெரும்பாலும் இலக்கணத் தப்பும் இல்லை. ஆனால் ‘தி வெதர் பிகேம் கோல்ட்’ என்று பேச்சில் சொன்னால், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு ‘வானிலை குளிர்ச்சியடைந்தது’ என்று சொன்ன மாதிரி இருக்கும். கேட்கிறவர் சிரிக்க மாட்டார், ஆனால் நீங்கள் எதையோ பார்த்துப் படிக்கிறீர்கள் என்று நினைப்பார். பேச்சில் அதற்கு ‘இட் காட் கோல்ட்’.

முதலில் பார்க்க வேண்டியது, வினைக்கு அடுத்து வருவது என்ன என்பதை. அங்கே பெயர்ச்சொல் வந்தால் ‘பிகம்’ தயங்காமல் போடலாம். சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்று சொல்லிவிட்டு, ஏற்காடு காப்பி மலையாகிவிட்டது என்பதற்கு ‘யெர்காட் பிகேம் எ காஃபி ஹில்’ என்றால் அது கச்சிதம். அங்கே ‘கெட்’ போட்டால் கதை மாறிவிடும். ‘என் அக்கா டாக்டர் ஆயிட்டாங்க’ என்பதற்கு ‘மை சிஸ்டர் காட் எ டாக்டர்’ என்று சொன்னால், அக்கா யாருக்கோ உடம்பு சரியில்லை என்று ஒரு டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்ததாக அர்த்தம். அதே சமயம், ‘டாக்டர் ஆகணும்’ என்ற ஆசையைச் சொல்லும்போது அவர்கள் பெரும்பாலும் ‘பிகம்’ கூடப் போடுவதில்லை. ‘ஐ வான்ட் டு பி எ டாக்டர்’ என்று ‘பி’யோடு முடித்துக்கொள்கிறார்கள். நம் பிள்ளைகள் நேர்முகத் தேர்வில் ‘பிகம்’ என்று சொல்வது தப்பில்லை. ‘பி’ இன்னும் இயல்பு.

பெயர்ச்சொல் வரும் இடத்தில் இன்னொன்றும் உண்டு: ‘டர்ன் இன்டு’. உருவமே மாறிப்போகிற இடத்துக்கு அது. சேலம் சுண்ணாம்புக்கரட்டில் வெட்டுகிறார்களே வெள்ளைக்கல், மேக்னசைட், அதைச் சூளையில் சுட்டால் கரியமில வாயு வெளியேறி மக்னீசியாவாக மாறிவிடும். பழைய பொருள் இல்லை, வேறு பொருள். அங்கே ‘டர்ன்ஸ் இன்டு மக்னீசியா’. உங்கள் தோட்டத்தில் பூ காயாவதற்கும் இதுவே. செய்தித்தாள் ஆங்கிலத்தில் ‘ஆக்டர் டர்ன்ட் பாலிடீஷியன்’ என்று ஒரு வழக்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் அந்தச் சொற்றொடருக்கு வேலை இல்லாத நாளே கிடையாது. இப்படிப்பட்ட இடத்தில் ‘டர்ன்’ நேராகப் பெயர்ச்சொல்லை ஒட்டி நிற்கும், நடுவில் ‘எ’யும் வராது, ‘இன்டு’வும் வராது.

அடுத்து வருவது பெயரடையாக இருந்தால், அதாவது குளிர், சூடு, பசி, கோபம், களைப்பு, பெரிசு, சிறிசு என்ற வகையாக இருந்தால், பேச்சில் கண்ணை மூடிக்கொண்டு ‘கெட்’. டயர்ட், ஹங்ரி, ஆங்ரி, டார்க், லேட், ஓல்ட், பெட்டர், வர்ஸ் எல்லாம் அதோடு போகும். ‘நேரமாச்சு’ என்பதற்கு ‘டைம் பிகேம்’ என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது ‘இட்ஸ் கெட்டிங் லேட்’. ‘மழையில நனஞ்சிட்டேன்’ என்பதற்கு ‘ஐ காட் வெட்’. ‘கல்யாணம் ஆயிடுச்சு’ என்பதற்கு ‘ஷீ காட் மேரீட்’. இதில் ஒரு நுணுக்கம்: ‘ஷீ இஸ் மேரீட்’ என்றால் கல்யாணமானவர் என்ற நிலை, ‘ஷீ காட் மேரீட்’ என்றால் அந்த நிகழ்ச்சி. போன மாதம் என்று காலம் சொல்ல வேண்டுமானால் ‘காட்’ வேண்டும். ‘ஷீ இஸ் மேரீட் லாஸ்ட் மன்த்’ என்பது நிற்காது. தமிழில் ‘கொலுசு கறுத்திருக்கு’ என்பதற்கும் ‘கறுத்துருச்சு’ என்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

இப்போது ‘கோ’. இதில்தான் நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது, அதை யாரும் பயன்படுத்துவதில்லை.

தமிழில் ஒன்று கெட்டால் நாம் ‘போச்சு’ சேர்க்கிறோம். சோறு ஊசிப்போச்சு, பழம் அழுகிப்போச்சு, பால் கெட்டுப்போச்சு, டீ ஆறிப்போச்சு, கால் மரத்துப்போச்சு, பை தொலைஞ்சுபோச்சு. ஆங்கிலமும் அதே இடத்தில் அதே ‘போ’வைத்தான் போடுகிறது. தி ஃபுட் வென்ட் பேட், தி ஃப்ரூட் வென்ட் ராட்டன், தி டீ ஹேஸ் கான் கோல்ட், மை லெக் வென்ட் நம்ப், தி பேக் வென்ட் மிஸ்ஸிங். இருக்க வேண்டிய நிலையை விட்டு விலகிப் போவதற்கு இரண்டு மொழியிலும் ‘போ’ என்று வந்திருக்கிறது. தலை வழுக்கையாவது, பார்வை போவது, காது கேட்காமல் போவது, பைத்தியம் பிடிப்பது, திவாலாவது, திட்டம் சொதப்புவது எல்லாமே ‘கோ’: பால்ட், பிளைண்ட், டெஃப், மேட், பேங்க்ரப்ட், ராங். பேசிக்கொண்டிருக்கும்போது போன் செத்துவிட்டால்கூட ‘தி போன் வென்ட் டெட்’.

ஆனால் இதை அப்படியே சூத்திரமாக்கினால் அடி விழும். நம் ‘போ’ அவர்கள் ‘கோ’வை விட அகலமானது. ‘களைச்சுப்போயிட்டேன்’ என்பதற்கு ‘ஐ வென்ட் டயர்ட்’ கிடையாது, ‘காட் டயர்ட்’. ‘பயந்துபோயிட்டேன்’ என்பதும் ‘காட் ஸ்கேர்ட்’. ‘மறந்துபோச்சு’ வெறும் ‘ஐ ஃபர்காட்’. மனிதர் செத்துப்போனால் ‘வென்ட் டெட்’ ஆகாது, ‘டைட்’. வந்து போகிற உணர்ச்சிக்கும் களைப்புக்கும் ‘கெட்’. ஒரு பொருளோ உடம்பின் ஒரு பாகமோ இயல்பு கெட்டுப் போனால் ‘கோ’. பத்துக்கு எட்டு முறை இது சரியாக வரும். வயசாவதும் நோயும் இந்தக் கணக்கில் சேராது: ‘கெட் ஓல்ட்’, ‘ஃபால் இல்’ அல்லது ‘கெட் சிக்’.

கெட்டது மட்டும்தானா என்றால், இல்லை. கண்ணுக்குத் தெரிகிற மாற்றத்துக்கும், குறிப்பாக நிறத்துக்கும், பேச்சில் ‘கோ’ வரும், பிரிட்டன் பக்கம் இன்னும் அதிகம். நம் ஊர் ஜவ்வரிசியையே எடுத்துக்கொள்ளுங்கள். கொதிக்கிற தண்ணீரில் போட்டதும் வெள்ளையாகத்தான் கிடக்கும். கிண்டிக்கொண்டே இருந்தால் ஓரம் மட்டும் கண்ணாடியாகும், நடுவில் மிளகு அளவு ஒரு வெள்ளைப் பொட்டு நிற்கும். அந்தப் பொட்டும் மறைந்தால் வெந்துவிட்டது. மாவுச்சத்து தண்ணீரை உறிஞ்சி உப்பிக் குழைவதால் வரும் மாற்றம் அது. ஆங்கிலத்தில் இதைச் சொல்லும்போது ‘தி பேர்ல்ஸ் கோ கிளியர்’ என்பார்கள், ‘டர்ன் கிளியர்’ என்றும் சொல்லலாம். இங்கே கெடுதல் ஒன்றும் இல்லை. வியாபார ஆங்கிலத்தில் ‘வென்ட் வைரல்’, ‘வென்ட் டிஜிட்டல்’, ‘வென்ட் வெஜிடேரியன்’ என்று ஒரு புதுக் கூட்டமும் சேர்ந்திருக்கிறது.

‘டர்ன்’ இதற்குப் பக்கத்து வீடு. நிறம், வானிலை, வயசு மூன்றும் அதன் சொந்தம். இலை மஞ்சளாவது, வானம் கறுப்பது, திடீரென்று குளிர் இறங்குவது, ஒருவருக்கு ஐம்பது வயசு நிறைவது: ‘ஹீ டர்ன்ட் ஃபிஃப்டி’. இந்த வயசுக் கணக்கில் பேச்சில் ‘பிகேம் ஃபிஃப்டி’ என்று யாரும் சொல்வதில்லை, ‘காட் ஃபிஃப்டி’ என்றால் ஐம்பது ரூபாயோ ஐம்பது மார்க்கோ கிடைத்ததாக ஆகிவிடும். பால் திரிந்ததற்கு ‘தி மில்க் ஹேஸ் டர்ன்ட்’ என்று பெயரடையே இல்லாமலும் சொல்வார்கள். பிரிட்டிஷ்காரர் ‘கான் ஆஃப்’ என்பார், அமெரிக்கர் ‘கான் பேட்’ என்பார். செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய வெள்ளிக் கொலுசு கறுத்துவிட்டால் ‘டர்ன்ட் பிளாக்’, ‘கான் பிளாக்’ இரண்டும் சரி, ‘டார்னிஷ்ட்’ என்று தனி வினையும் இருக்கிறது. காற்றிலுள்ள கந்தகச் சேர்மம் வெள்ளியோடு சேர்ந்து மேலே ஒரு கறுப்புப் படலம் போடுவதைத்தான் அந்த வினை சொல்கிறது. நகைக்கடையில் வேலை பார்க்கிறவர்கள் இதைப் பிடித்துவைத்துக்கொள்வது நல்லது.

நிறம் என்று வந்ததால் ஒரு வேடிக்கை. தமிழில் சிவப்பதற்கும் கறுப்பதற்கும் வெளுப்பதற்கும் தனி வினை இருக்கிறது: சிவந்தது, கறுத்தது, வெளுத்தது. பச்சைக்கும் நீலத்துக்கும் அன்றாடப் பேச்சில் அப்படி இல்லை, ‘பச்சையாயிடுச்சு’ என்றுதான் சொல்லியாக வேண்டும். ஆங்கிலத்திலும் ரெட்டன், பிளாக்கன், ஒயிட்டன் உண்டு. கிரீனுக்கும் புளூவுக்கும் அந்த ‘-அன்’ ஒட்டாது. அவர்களுக்குக் காரணம் ஒலி. ட், க் மாதிரி அடைத்து ஒலிக்கும் மெய்யிலும், ஃப், ஸ் மாதிரி உரசி ஒலிக்கும் மெய்யிலும் முடிகிற சொல்லோடுதான் அது ஒட்டும்: டார்க்கன், ஒய்டன், சாஃப்டன், லூசன். உயிரொலியிலும் ‘ன்’னிலும் முடிகிற புளூவும் கிரீனும் அதனால் வெளியே நின்றுவிட்டன. ஒன்று மட்டும்: ரெட்டனும் பிளாக்கனும் புத்தகத்தில்தான் அதிகம். பேச்சில் ‘வென்ட் ரெட்’.

‘ஆகு’வுக்கு ஆங்கிலத்தில் இந்த வினைக் கூட்டம் ஏன் இவ்வளவு பெரிசாக இருக்கிறது என்று கேட்டால், பழைய ஆங்கிலத்தில் நம் ‘ஆகு’ மாதிரி பொதுவாக வேலை செய்த ஒரு வினை இருந்தது, ‘வெயோர்தன்’ என்று. ஜெர்மன்காரர்கள் இன்றைக்கும் ‘வெர்டன்’ என்று அதன் உறவுச் சொல்லைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் அது இடைக்காலத்தில் வழக்கொழிந்தது. அந்த இடத்தில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்த வினைகள் வந்து உட்கார்ந்தன. ‘பிகம்’ முதலில் ஓரிடத்துக்கு ‘வந்துசேர்’ என்று இருந்த சொல். ‘கெட்’ ஸ்காண்டிநேவியக்காரர்களோடு வந்தது, ‘பெறு’ என்று பொருள். ‘டர்ன்’ கடைசல் பிடிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து கிளம்பி ‘சுழல், திரும்பு’ என்று ஆனது. வந்தவை எல்லாம் பழைய குணத்தில் கொஞ்சத்தைக் கூடவே கொண்டுவந்திருக்கின்றன.

மற்ற நாலைந்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘க்ரோ’ மெதுவாக நடப்பதற்கு, எழுத்தில் அதிகம். ‘ஃபால்’ நம் கட்டுப்பாட்டில் இல்லாமல் நேர்வதற்கு: அஸ்லீப், இல், சைலன்ட். ‘ரன்’ தீர்ந்துபோவதற்கு, போர்வெல் வற்றினால் ‘ரன் டிரை’, சேலத்துக்காரர்களுக்குக் கோடைக்குக் கோடை தேவைப்படும். ‘கம்’ இரண்டு வேலை பார்க்கிறது. பிடிப்பு விட்டுப்போவது ஒன்று, ஷூ லேஸ் அவிழ்ந்தால் ‘கேம் அன்டன்’. நல்லபடியாக முடிவது இன்னொன்று, கனவு பலித்தால் ‘கேம் ட்ரூ’.

இதையெல்லாம் விட நான் அதிகம் திருத்துவது வேறொன்றை. மாற்றத்தைச் சொல்ல ‘ஆகு’வுக்கு ஒரு சொல் தேடவே கூடாத இடங்கள் ஏராளம். தமிழில் தானாக நடப்பதற்கு ஒரு வினை, நாம் செய்வதற்கு ஒரு வினை என்று ஜோடி ஜோடியாக இருக்கிறது. கண்ணாடி உடைந்தது, கண்ணாடியை உடைத்தேன். டீ ஆறியது, டீயை ஆற்றினேன். நெய் உருகியது, நெய்யை உருக்கினேன். தன்வினை, பிறவினை என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆங்கிலத்தில் இந்த மாதிரி வினைகளில் பலவற்றுக்கு இரண்டுக்கும் ஒரே சொல். ‘ஐ புரோக் தி கிளாஸ்’, ‘தி கிளாஸ் புரோக்’. நமக்கு இது உறுத்துகிறது. ‘புரோக்’ என்றால் உடைத்தது ஆயிற்றே, கண்ணாடி எதை உடைத்தது என்று மனசு கேட்கிறது. அதனால் ஒரு ‘காட்’டைச் செருகிவிடுகிறோம். ‘தி ரெயின் காட் ஸ்டாப்ட்’, ‘தி மில்க் காட் பாயில்ட்’, ‘தி ஸ்கூல் காட் ஸ்டார்ட்டட்’. மழையை யாரும் நிறுத்தவில்லை, அது தானாக நின்றது: ‘தி ரெயின் ஸ்டாப்ட்’. பால் கொதித்தது: ‘தி மில்க் பாயில்ட்’. நில், தொடங்கு, திற, மூடு, கொதி, உருகு, உறை, காய், வெடி, மாறு, பழு இவற்றுக்கெல்லாம் இதுதான் வழி. பின்னால் ஓர் ஆள் நின்று செய்திருந்தால் ‘காட்’ நியாயம்: கூட்டத்தை ரத்துசெய்தார்கள், ‘தி மீட்டிங் காட் கேன்சல்ட்’. மழைக்கு ஆள் இல்லை, கூட்டத்துக்கு ஆள் இருக்கிறது. அவ்வளவுதான் சோதனை.

சரி, உங்கள் தோட்டத்துக்கு வருவோம். மார்ச், ஏப்ரலில் பூமழை விழுந்ததும் செடி முழுக்க வெள்ளையாகப் பூக்கும். ‘தி ஃபிளவர்ஸ் ஓப்பன்’ போதும், ‘கெட் ஓப்பன்ட்’ வேண்டாம். சில நாளில் வாடிவிடும்: ‘தே வில்ட்’. அப்புறம் காய்: ‘தே டர்ன் இன்டு கிரீன் பெரீஸ்’. எட்டு ஒன்பது மாதம் போய்ப் பழுக்கும்: ‘தி பெரீஸ் ரைப்பன் அண்ட் டர்ன் ரெட்’. அந்த ‘ரைப்பன்’தான் நம் ‘பழு’, அதை விட்டுவிட்டு ‘பிகம் ரைப்’ என்று சுற்ற வேண்டாம். பறிக்காமல் விட்டால் செடியிலேயே காய்ந்து கறுக்கும்: ‘தே டிரை அப் அண்ட் கோ பிளாக்’. இங்கே ‘கோ’ போட்டால் நஷ்டம் என்ற தொனி தானாக வந்துவிடும். தோல் நீக்கிய கொட்டையை ஊறப்போட்டு நேரம் தவறினால் புளித்துவிடும், அதுவும் ‘கோஸ் சவர்’. வறுக்கும்போது பச்சைக் கொட்டை முதலில் மஞ்சளாகி அப்புறம் பழுப்பாகும், ‘டர்ன்ஸ் எல்லோ, தென் பிரவுன்’. உப்பும், ஆனால் எடை குறையும்: ‘கெட்ஸ் பிக்கர் பட் லைட்டர்’. ஈரம் ஆவியாகி வெளியேறி, சுமார் 200 டிகிரியில் பட்பட்டென்று வெடிக்கும்: ‘தி பீன்ஸ் கிராக்’. இதற்கும் ‘காட்’ வேண்டாம். கவனித்தால் தெரியும், முழு விளக்கத்திலும் ‘பிகம்’ ஒரு தடவைகூடத் தேவைப்படவில்லை.

‘தி சீசன் காட் ஓவர்’ பற்றியும் கேட்டிருந்தீர்கள். ‘எக்ஸாம் காட் ஓவர்’, ‘சாப்பாடு காட் ஓவர்’ என்று நாம் எல்லோரும் சொல்கிறோம், இந்தியா முழுக்க இது ஓடுகிறது. நமக்குள் பேசும்போது இதைத் தப்பு என்று நான் திருத்துவதில்லை. வெளிநாட்டு விருந்தினரிடம் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். அவர்களுக்கு ‘கெட் ஓவர்’ என்றால் காய்ச்சலிலிருந்தோ கவலையிலிருந்தோ மீண்டு வருவது. சீசன் முடிந்ததற்கு ‘தி சீசன் இஸ் ஓவர்’, சாப்பாடு தீர்ந்ததற்கு ‘வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் ஃபுட்’. கரண்ட் போனதற்கு ‘தி பவர் வென்ட் ஆஃப்’, திரும்பி வந்ததற்கு ‘கேம் பேக் ஆன்’. இதில் நம் ‘போச்சு’, ‘வந்துருச்சு’ அப்படியே பொருந்துகிறது.

கடைசியாக, மலைக் குளிர் ‘பழகிடும்’ என்று விருந்தினருக்குத் தைரியம் சொல்ல ‘யூ வில் பிகம் ஹாபிச்சுவேட்டட்’ என்று சொல்லச் சொல்லி யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. ‘யூ வில் கெட் யூஸ்ட் டு இட்’ என்று சொல்லுங்கள். அந்த ‘டு’வுக்குப் பின்னால் வினை வந்தால் அது ‘-இங்’ வடிவத்தில் வரும்: ‘கெட் யூஸ்ட் டு வேக்கிங் அப் எர்லி’. ‘கெட்’ இல்லாமல் வெறும் ‘ஐ யூஸ்ட் டு வேக் அப் எர்லி’ என்றால் முன்பெல்லாம் சீக்கிரம் எழுந்துகொண்டிருந்தேன், இப்போது இல்லை என்று அர்த்தம். இரண்டையும் கலந்துவிட வேண்டாம்.